40 லட்சம் எடைச் சீட்டில் எந்த வண்டி எத்தனை தடவை?

கேள்வி சுருக்கமாக இது: தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் உள்ள ஐந்து எடைமேடைகளின் எட்டு வருடச் சீட்டு விவரம் ஒரே சிஎஸ்வி ஃபைலாக (புலங்களைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) சேர்ந்து கிடக்கிறது. மொத்தம் 40 லட்சம் வரி. அதில் வெவ்வேறு வண்டி எண் சுமார் 38,000. எந்த வண்டி எத்தனை தடவை ஏறியது, எந்தச் சரக்கு எத்தனை லோடு போனது, எந்த ஊரிலிருந்து எத்தனை வந்தது என்று கணக்கு வேண்டும். வண்டி எண்களை லிஸ்ட் என்னும் பட்டியலில் ஏற்றி, ஒவ்வொரு வரிக்கும் கவுண்ட் ஃபங்ஷனைக் கூப்பிடும்படி பைத்தான் மொழியில் எழுதிய நிரல் 1,000 வரிக்குக் கண் மூடித் திறப்பதற்குள் விடை தருகிறது. முழு ஃபைலைக் கொடுத்தால் ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தாலும் முடிந்தபாடில்லை. நல்ல கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கம்ப்யூட்டரில் குறையில்லை. லிஸ்ட்டின் கவுண்ட் ஃபங்ஷனை லூப்புக்குள் வைத்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான்.

கவுண்ட் என்ன செய்கிறது? ஒரு வண்டி எண்ணைக் கொடுத்தால் லிஸ்ட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தியவற்றை எண்ணித் தரும். ஒரே ஒரு வண்டிக்குக் கேட்டால் அதில் தவறே இல்லை, 40 லட்சம் ஒப்பீடு பத்தில் ஒரு செகண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் 40 லட்சம் வரியில் ஒவ்வொரு வரிக்கும் அதைக் கூப்பிட்டால் 40 லட்சத்தை 40 லட்சத்தால் பெருக்க வேண்டும்: 16 லட்சம் கோடி ஒப்பீடு. ஒப்பீட்டுக்கு 20 நானோ செகண்ட் என்று வைத்தால் 89 மணி நேரம், கிட்டத்தட்ட நான்கு நாள். 1,000 வரிக்கு இது 10 லட்சம் ஒப்பீடுதான், 0.02 செகண்டு. அதனால்தான் சோதித்தபோது எதுவும் தெரியவில்லை. வரி 4,000 மடங்கு கூடினால் வேலை 1 கோடியே 60 லட்சம் மடங்கு கூடுகிறது. சின்ன ஃபைலில் சோதித்துவிட்டு நம்பியவர்கள் எல்லோரும் வந்து விழும் குழி இது.

முதலில் செட் போட்டு, ஒரே வண்டி திரும்ப வருவதை நீக்கி, அதன்பின் ஒவ்வொரு வண்டிக்கும் கவுண்ட் கூப்பிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் தேவலை: 38,000 பெருக்கல் 40 லட்சம், அதாவது 15,200 கோடி ஒப்பீடு, ஐம்பது நிமிடம். நான்கு நாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் சில செகண்டில் முடிகிற வேலைக்கு ஐம்பது நிமிடம் எதற்கு?

கையால் செய்வதாக நினைத்துப் பாருங்கள். மேஜையில் சீட்டுக் கட்டு இருக்கிறது. ஒரு சீட்டை எடுத்து, அதே வண்டி எண் உள்ள சீட்டெல்லாம் கட்டு முழுக்கத் தேடி எண்ணிவிட்டு, அடுத்த சீட்டுக்கு மறுபடி கட்டு முழுக்கத் தேடுகிற கணக்குப்பிள்ளை யாரும் இல்லை. ஒரு நோட்டில் வண்டி எண் எழுதி, சீட்டு வர வர எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டே போவார். கட்டு ஒரு தடவை புரண்டால் கணக்கு முடிந்தது. நிரலில் அந்த நோட்டுதான் டிக்ஷனரி.

எண்ணிக்கை = காலி டிக்ஷனரி
ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும்:
  வண்டி = அந்த வரியின் வண்டி எண் புலம்
  எண்ணிக்கை[வண்டி] = (ஏற்கெனவே இருக்கும் எண், இல்லாவிட்டால் 0) + 1

இதிலும் 38,000 பெயர் உள்ள நோட்டில் ஒரு பெயரைத் தேட வேண்டாமா என்றால், தேட வேண்டியதில்லை. டிக்ஷனரி வண்டி எண்ணை ஹேஷ் என்னும் கணக்கில் போட்டு ஒரு முழு எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணே எந்த அறையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். இரண்டு வண்டிகளுக்கு ஒரே அறை விழுந்தால் வேறோர் அறைக்குத் தாண்டும். இந்த மோதல் அடிக்கடி நடக்காதபடி, அறைகளில் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் பைத்தான் தானே பெரிய அட்டவணைக்கு மாறிக்கொள்கிறது. 38,000 வண்டிக்கு 65,536 அறை போதும், அட்டவணை மட்டும் பைத்தான் பதிப்பைப் பொறுத்துச் சுமார் 10 முதல் 13 லட்சம் பைட். ஆகவே நோட்டில் பத்துப் பெயர் இருந்தாலும் 38,000 பெயர் இருந்தாலும் ஒரு கோடு போட ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மொத்த வேலை 40 லட்சம் கோடு, அவ்வளவே.

இதையே பைத்தானோடு வரும் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் கவுண்ட்டர் என்று தயாராக வைத்திருக்கிறார்கள், பைத்தான் 2.7, 3.1 பதிப்புகளிலிருந்தே உண்டு. உள்ளே அதுவும் டிக்ஷனரிதான், ஆனால் எண்ணும் லூப் சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால் நீங்கள் கையால் எழுதும் லூப்பைவிட வேகம். அதிகம் வந்த முதல் 20 வண்டி வேண்டுமென்றால் மோஸ்ட் காமன் என்பதற்கு 20 கொடுத்தால் போதும். 38,000ஐயும் வரிசைப்படுத்தாமல், முதல் 20ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓடிவிடும். எண்ணிக்கை சமமாக இருந்தால், 3.7 முதல், ஃபைலில் முதலில் வந்த வண்டி முன்னால் நிற்கும்.

கவுண்ட்டரில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, அதன் அப்டேட் சாதாரண டிக்ஷனரியின் அப்டேட் மாதிரி பழைய மதிப்பை அழிப்பதில்லை, கூட்டும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் வண்டி எண்களின் லிஸ்ட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு வண்டி எண்ணை அப்படியே அதற்குக் கொடுத்தால், வண்டியை விட்டுவிட்டு அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் எண்ணிவிடும். விடையில் 0, 1, 2 என்று தனித்தனி இலக்கங்கள் லட்சக்கணக்கில் நின்றால் காரணம் இதுதான். இரண்டு, ஒரு கவுண்ட்டரிலிருந்து இன்னொன்றைக் கழித்தல் குறியால் கழித்தால் 0 ஆனதும் அதற்குக் கீழே போனதும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். போன வருடத்தைவிட எந்த வண்டி குறைந்தது என்று பார்க்க வேண்டுமானால் சப்ட்ராக்ட் என்னும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், அது மைனஸையும் வைத்துக்கொள்ளும். மூன்று, இல்லாத வண்டியைக் கேட்டால் கவுண்ட்டர் 0 சொல்லும், ஆனால் அந்தப் பெயரை நோட்டில் எழுதாது. டிஃபால்ட்டிக்ட் என்ற இன்னொரு வகை டிக்ஷனரி அப்படியில்லை. கேட்ட மாத்திரத்தில் 0 என்று ஒரு வரி எழுதிவிடும். கணக்கு முடிந்தபின் எத்தனை வண்டி என்று நீளம் பார்க்கும்போது, நடுவில் சும்மா விசாரித்த பெயர்களும் சேர்ந்து எண்ணிக்கை ஊதியிருக்கும்.

மெமரி பற்றி ஒரு வார்த்தை. ஃபைல் முழுவதையும் லிஸ்ட்டாக ஏற்ற வேண்டாம். பத்து எழுத்து வண்டி எண் ஒன்று பைத்தானில் ஏறக்குறைய 60 பைட், அதைச் சுட்ட லிஸ்ட்டில் 8 பைட். வண்டி எண் மட்டுமே 40 லட்சத்துக்கு 27 கோடி பைட்டைத் தாண்டும், வரி முழுவதையும் வைத்தால் அதுபோல் பல மடங்கு. ஃபைலை ஒவ்வொரு வரியாகப் படித்து, எண்ணி, விட்டுவிட்டால் டிக்ஷனரியின் சில எம்பி மட்டுமே தங்கும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் மின்விசிறி சத்தமே வராது.

வேகப் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது, இரண்டு வரி வேலை. இனிமேல்தான் கஷ்டம். உங்கள் விடை வேகமாக வரும், ஆனால் தப்பாக வரும். 38,000 வண்டி என்று நீங்கள் நினைத்த இடத்தில் 60,000 நிற்கும்.

ஏனென்றால் டிக்ஷனரிக்கு வண்டி தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். பாலக்காட்டுச் சித்தூரில் பதிவான வண்டியை ஒரு மேடையில் கேஎல்70 என்று சேர்த்து அடித்திருப்பார்கள், இன்னொன்றில் இடம் விட்டு, வேறொன்றில் நடுவில் கோடு போட்டு. பாலக்காட்டு வண்டியில் 09 இருக்கும், 9 மட்டும் இருக்கும். 45ஆம் நம்பர் வண்டி ஒரு சீட்டில் 45, மறு சீட்டில் 0045. பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து விழுந்திருக்கும். இதற்கு விதி எழுதுவது சுலபம், ஏனென்றால் எண் பலகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடைவெளி, கோடு, புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்குங்கள். முதல் இரண்டு எழுத்து மாநிலம். அடுத்து வருவது இலக்கம், அதை இரண்டு இலக்கமாக நிரப்புங்கள். கடைசித் துண்டை நான்கு இலக்கமாக நிரப்புங்கள். இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ இருந்தால் அது பூஜ்ஜியம்தான். இடம் பார்த்து மாற்ற வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஓவையும் மாற்றினால் ஒடிசா வண்டியின் மாநில எழுத்தே போய்விடும். ஆரம்பத்தில் இரண்டு இலக்கம் வைத்துத் தொடங்கும் பாரத் (BH) வரிசை எண்களுக்குத் தனி விதி வேண்டும். எதிலும் பொருந்தாததைத் திருத்த முயலாமல் ‘பொருந்தாதவை’ என்று ஒரு தனிப் பெட்டியில் போட்டு எண்ணுங்கள்.

சரக்குப் பெயரில் சிக்கல் இன்னும் ஆழம், கண்ணுக்கே தெரியாது. கொப்பரை என்று திரையில் இரண்டு வரியில் நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றேபோல் இருக்கிறது. ஆனால் விடையில் கொப்பரை 61,000 என்று ஒரு வரி, கொப்பரை 8,000 என்று கீழே இன்னொரு வரி. காரணம்: ‘கொ’ என்பதை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில், இரண்டு விதமாக அடைக்கலாம். க என்பதற்கு எண் 2965, ஒகரக் குறிக்கு 3018. இப்படி இரண்டு எண். அல்லது 2965, பிறகு எகரக் கொம்பு 3014, பிறகு கால் 3006. இப்படி மூன்று எண். திரையில் இரண்டும் ஒன்று, டிக்ஷனரிக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில மென்பொருள்கள் இரண்டாவது வகையைப் போட்டுவிடும். அங்கே கொம்பும் காலும் தனித்தனிச் சாவி என்பதன் மிச்சம் அது. கோ, கௌ எல்லாவற்றிலும் இதே கதை. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் நீளத்தை நிரலிடம் கேளுங்கள். கொப்பரை ஒன்றில் 7 என்றும் மற்றதில் 8 என்றும் வந்தால் பிடிபட்டுவிட்டது.

பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. என்எஃப்சி என்ற முறையைக் கொடுத்தால் பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். ஆனால் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து அடித்திருந்தால் அதை அது தொடாது. யூனிகோடின் பார்வையில் அது பிழையே அல்ல, வேறு சொல்.

எல்லைப் பக்கத்துக் கணக்கில் பாதிச் சீட்டு மலையாளத்தில் இருக்குமாதலால் இதையும் சொல்ல வேண்டும். மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ர், ல், ன் போன்றவற்றுக்குச் சில்லெழுத்து என்று தனி வடிவம். 2008இல் வந்த யூனிகோட் 5.1 வரை அதற்குத் தனி எண் கிடையாது. ர, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்று எண்ணாக அடித்தார்கள்: 3376, 3405, 8205. அதன்பின் ‘ர்’ சில்லுக்கு 3452 என்று ஒரே எண் வந்தது. சித்தூரை மலையாளத்தில் எழுதினால் கடைசி எழுத்து இந்தச் சில்லுதான். ஆக அந்த ஊர் பழைய முறையில் ஒன்று, புதிய முறையில் ஒன்று என்று இரண்டாக எண்ணப்படும். மோசமான சேதி என்னவென்றால் என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்காது. நீங்களே ஒவ்வொரு சில்லுக்கும் பழையதைத் தேடிப் புதியதாக மாற்றும் அட்டவணை எழுத வேண்டும், ஐந்தாறு வரிதான். வரிசை முக்கியம்: கண்ணுக்குத் தெரியாத குறிகளான 8204, 8205 ஆகியவற்றை முதலில் துடைத்துவிட்டால் பழைய சில்லு வெறும் சந்திரக்கலையாகிவிடும், பிறகு பிடிக்க முடியாது. முதலில் சில்லு, பிறகு துடைப்பு.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு, இரண்டு பொருள் ஒரே பெயரில் ஒளிந்துகொள்வது. மாம்பழ லோடு எந்த ஊரிலிருந்து என்ற புலத்தில் ‘சித்தூர்’ என்று தமிழில் இருந்தால் எந்தச் சித்தூர்? பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் முதலமடை இருக்கிறது, மாந்தோப்புக்குப் பேர் போனது. ஆந்திரத்துச் சித்தூரும் மாம்பழத்துக்கே பேர் போனது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. எந்த நார்மலைஸும் இதைப் பிரித்துத் தராது, ஊரோடு மாநிலத்தையும் சேர்த்துச் சாவியாக வைக்க வேண்டும். பைத்தானில் (மாநிலம், ஊர்) என்று ட்யூபிளாக, அதாவது பின்னால் மாற்ற முடியாத தொகுப்பாக, கொடுங்கள். லிஸ்ட்டாகக் கொடுத்தால் ஹேஷ் செய்ய முடியாது என்று நிரல் நின்றுவிடும். இரண்டு சொல்லையும் ஒட்டி ஒரே சொல்லாக்குவதும் ஆபத்து. மேடை 1, சீட்டு 23 என்பதும் மேடை 12, சீட்டு 3 என்பதும் ஒட்டினால் 123தான்.

சீட்டு எண் என்றதும் இன்னொன்று. வெறும் வண்டி ஒரு தடவையும் சரக்கோடு ஒரு தடவையும் மேடை ஏறுகிறது. சில மென்பொருள் இரண்டு எடையையும் ஒரே வரியில் வைக்கும், சில இரண்டு வரியாக எழுதும். வரியை எண்ணினால் அந்த மேடையில் மட்டும் லோடு இரட்டிப்பாகத் தெரியும். அங்கே எண்ண வேண்டியது வரியை அல்ல, (மேடை, வருடம், சீட்டு எண்) என்ற ட்யூபிளை. வருடம் ஏனென்றால் பல மேடைகளில் வருடம் பிறந்ததும் சீட்டு எண் 1லிருந்து தொடங்கும். முதலில் இந்த மூன்றையும் ஒரு செட்டில் போட்டு, புதிதாக வந்தால் மட்டும் வண்டிக்குக் கோடு போடுங்கள். இந்தச் செட் பெரிதாகும், லட்சக்கணக்கான ட்யூபிள் சில நூறு எம்பி கேட்கும். மேடைவாரியாக, வருடவாரியாக ஃபைலைப் பிரித்து ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் செட்டைக் காலி செய்துகொள்ளலாம்.

இவ்வளவு சீராக்கலையும் 40 லட்சம் வரிக்கும் செய்தால் எண்ணுவதைவிட அதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். அவசியமில்லை. முதலில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே, எதையும் திருத்தாமல் கவுண்ட்டரில் எண்ணிவிடுங்கள். 60,000 விதமான வண்டி எழுத்து வரும். பிறகு அந்த 60,000ஐ மட்டும் சீராக்கி, ஒரே வடிவத்துக்கு வந்தவற்றின் எண்ணிக்கையை இன்னொரு கவுண்ட்டரில் கூட்டுங்கள். 40 லட்சம் தடவை செய்ய வேண்டிய வேலை 60,000 தடவையாகிவிட்டது. அதைவிடப் பெரிய லாபம், எந்த எழுத்து எதனுடன் சேர்ந்தது என்ற பட்டியல் கையில் இருக்கும். அதை ஒரு ஃபைலில் எழுதி, எடைமேடையில் உட்காரும் ஆளிடம் காட்டினால் எது தப்பாகச் சேர்ந்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். முதலிலேயே சீராக்கிவிட்டால் இந்தத் தடயம் அழிந்துபோகும்.

ஃபைலைப் படிக்கும் இடத்திலும் நாலு விஷயம். வரியைக் காற்புள்ளியில் வெட்டாதீர்கள், சிஎஸ்வி மாட்யூலை வைத்துப் படியுங்கள். பார்ட்டி பெயரில் ‘அன் கோ, பொள்ளாச்சி’ என்று மேற்கோளுக்குள் ஒரு காற்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னுள்ள புலமெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், சரக்குப் பெயர் எண்ணிக்கையில் எடை எண்கள் வந்து உட்காரும். எக்ஸெல்லில் சேமித்த ஃபைலின் தலையில் 65279 என்ற எண்ணுடைய கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கலாம், முதல் புலத்தின் பெயர் பொருந்தவில்லை என்று பிழை வந்தால் அதுதான். யூடிஎஃப் 8 சிக் என்ற குறிமுறையில் திறந்தால் சரியாகிவிடும். விண்டோஸில் செய்த ஃபைலை லினக்ஸின் ஆக் (awk) கட்டளையில் எண்ணினால் கடைசிப் புலத்தின் வாலில் திரும்பு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். சில வரிகளில் ஒட்டியும் சிலவற்றில் இல்லாமலும் இருந்தால் அதே சரக்கு இரண்டாக வரும். வரி எண்ணும் டபிள்யூசி (wc) கட்டளை உண்மையில் வரி முடிவுக் குறியைத்தான் எண்ணுகிறது, கடைசி வரியில் அது இல்லாவிட்டால் ஒன்று குறையும்.

பைத்தானே வேண்டாம், கட்டளை வரியில் முடிக்கலாம் என்பவர்கள் வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளை போட்டு, அதன் வெளியீட்டை யூனிக் (uniq) கட்டளைக்குக் கொடுப்பார்கள். யூனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே வரிகளைத்தான் சேர்க்கும். சார்ட் இல்லாமல் கொடுத்தால் ஒரே வண்டி நூறு தடவை பட்டியலில் வரும். இந்த வழியில் 40 லட்சத்தையும் வரிசைப்படுத்த வேண்டியிருப்பதால் ஆக் கட்டளையின் ஒரே பாய்ச்சலைவிட மெதுவுதான். ஆனால் சார்ட்டுக்கு ஒரு பலம் உண்டு: ரேம் போதாவிட்டால் டிஸ்க்கில் தற்காலிக ஃபைல் எழுதி வேலையைத் தொடரும். வெவ்வேறு பெயர்களின் எண்ணிக்கையே ரேமை மீறும்போது அதுதான் கை கொடுக்கும்.

எக்ஸெல்லில் செய்யலாமா என்று கேட்டால், ஒரு ஷீட்டில் 10,48,576 வரிக்கு மேல் இடமில்லை, 40 லட்சம் உள்ளேயே போகாது. சின்னக் கணக்குக்கும் ஒவ்வொரு வரிக்கு எதிரே கவுண்ட்இஃப் சூத்திரம் இழுத்துவிடுவது, லூப்புக்குள் கவுண்ட் வைத்த அதே தப்புதான். ஷீட் உறைந்துபோவது அதனால்தான். பிவட் டேபிள் போடுங்கள். கவுண்ட்இஃப்புக்கு வேறு கெட்ட பழக்கமும் உண்டு. எண்ணைப் போலத் தெரியும் எழுத்தை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், 15 இலக்கத்துக்கு மேல் பார்க்காது. 12 இலக்க இ-வே பில் எண்ணுக்குப் பாதிப்பில்லை, 16 இலக்க எண்களில் கடைசி இலக்கம் மட்டும் வேறுபட்டால் இரண்டும் ஒன்றே என்று சொல்லும்.

பைத்தானில் தரவு அலசப் பயன்படும் பாண்டாஸ் நூலகம் தெரிந்தவர்கள் வேல்யூ கவுண்ட்ஸ் போடலாம், அதுவும் ஹேஷ் அட்டவணைதான், வேகம் நன்றாகவே இருக்கும். வண்டி எண் புலத்தை எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் எண் மட்டும் உள்ள புலத்தில் 0045 என்பது 45 ஆகிவிடும். காலியான புலங்களைச் சொல்லாமலே ஒதுக்கிவிடுவது அதன் இயல்பு. டிராப்என்ஏ என்பதை இல்லை (False) என்று மாற்றினால்தான் அவையும் வரும். குரூப்பை (groupby) செய்தபின் சைஸ் என்பது காலியையும் சேர்த்து எண்ணும், கவுண்ட் என்பது விட்டுவிடும். தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லிலும் அப்படியே: கவுண்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால் எல்லா வரியும், புலத்தின் பெயரைப் போட்டால் காலி இல்லாத வரி மட்டும். இந்த ஒரு வித்தியாசத்தில் வருடக் கடைசிக் கணக்கு உதைப்பது சகஜம்.

எண்ண வேண்டியது சிறிய முழு எண்ணாக இருந்தால் டிக்ஷனரிகூட அதிகம். எந்த மணி நேரத்தில் வண்டி அதிகம் என்று பார்க்க 24 இடமுள்ள ஒரு லிஸ்ட் போதும், நிமிட வாரியாக என்றால் 1,440. நம்பை (NumPy) என்ற பைத்தான் கணக்கு நூலகத்தின் பின்கவுண்ட் (bincount) இதைத்தான் செய்கிறது. அதற்குச் சீட்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். மிகப்பெரிய எண் எதுவோ அத்தனை இடம் ஒதுக்கும், ஒரே ஒரு தப்பான எண் 1,000 கோடி என்று விழுந்தால் 8,000 கோடி பைட் கேட்டு நிரல் செத்துவிடும்.

நூறு கோடி வரி, ரேமுக்கு அடங்காத வெவ்வேறு பெயர் என்று வரும்போதுதான் தோராய முறைகள். உங்களுக்கு இப்போது தேவைப்படாது, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் 1982இல் வெளியிட்டது. ஒன்பது பெட்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரும் பெயர் ஏதாவது பெட்டியில் இருந்தால் அதற்கு ஒன்று கூட்டுங்கள். இல்லாமல், காலிப் பெட்டி இருந்தால் அதில் பெயரெழுதி 1 போடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒன்பது பெட்டியிலும் ஒன்று குறையுங்கள், 0 ஆனது காலி. ஃபைல் முடியும்போது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்த பெயர் எதுவானாலும் அந்த ஒன்பதுக்குள் கட்டாயம் இருக்கும். இல்லாதவையும் சில ஒட்டிக்கொண்டிருக்கலாம், இன்னொரு தடவை ஃபைலை ஓட்டி அந்த ஒன்பதை மட்டும் சரியாக எண்ணிக்கொள்ளலாம். எத்தனை வெவ்வேறு பெயர் என்பது மட்டும் போதுமானால் 2007இல் வந்த ஹைப்பர்லாக்லாக் இருக்கிறது. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அது 12 கேபி இடத்தில் சுமார் 0.81 சதவீதப் பிழையோடு கோடிக்கணக்கில் எண்ணித் தரும்.

இனி உங்கள் ஃபைலுக்குச் செய்ய வேண்டிய சரிபார்ப்பு. எல்லா வண்டிகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் வருவதும், ‘பொருந்தாதவை’ பெட்டியும், இரட்டைச் சீட்டு என்று ஒதுக்கியதும் சேர்ந்து, ஃபைலிலிருந்து படித்த வரிகளோடு ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். தலைப்பு வரியைக் கழிக்க மறக்காதீர்கள். பொருந்தாவிட்டால், தேடலை ஒரு மேடையின் ஒரே ஒரு நாளுக்குச் சுருக்குங்கள். முன்னூறு வரிக்குள் இருக்கும், கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம்.

தினமும் புதுச் சீட்டு வருவதால் 40 லட்சத்தையும் தினமும் எண்ண வேண்டாம். நேற்றுவரையிலான கவுண்ட்டரை ஃபைலில் சேமித்துவைத்து, இன்றைய வரிகளை மட்டும் அப்டேட்டில் கூட்டுங்கள். ஐந்து மேடைக்கு ஐந்து கவுண்ட்டர் தனித்தனியாக வைத்து, மொத்தம் வேண்டும்போது சேர்ப்பது நல்லது, ஒரு மேடையில் தப்பு நடந்தால் அதை மட்டும் மறுபடி எண்ணலாம். ஒரே நாளின் ஃபைலை மறந்து இரண்டு தடவை ஓட்டினால் அந்த நாள் இரட்டிப்பாகிவிடும், மேலே சொன்ன கூட்டல் சரிபார்ப்பில் அது சிக்கவும் சிக்காது. அதற்கு, எண்ணி முடித்த ஃபைல் பெயர்களைக் கவுண்ட்டரோடு அதே ஃபைலில் எழுதிவையுங்கள். ஓட்டத் தொடங்குமுன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிரல் எதையும் தொடாமல் நின்றுவிட வேண்டும்.